கையால் இழுக்கும் சிறுதேர்



பகலெல்லாம் காய்ந்த வெயில் சற்றே தணிந்து, தாமிரபரணியின் பக்கமிருந்து காற்று எழும் இந்த மாலைப் பொழுதில், வீட்டு வேலையையும் கடை வியாபாரத்தையும் ஒத்திவைத்துவிட்டு இந்தப் பாளையங்கோட்டை மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் முன் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் தீட்டி, ஒரு மோட்டார்க் காரின் சிறிய பிரதியை நம் கையாலேயே செய்வது. அழைப்பிதழைப் பார்த்த அன்பர் ஒருவர் நேற்றுக் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, “அண்ணாச்சி, விளையாட்டுச் சாமானைப் பத்தியா ஒரு மணி நேரம் பேசப் போறிய?” என்று கேட்டார். உண்மையான வியப்போடு கேட்டார். ஆம், விளையாட்டுச் சாமானைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

விளையாட்டுச் சாமான் என்பது அற்பமான விஷயமா? நம் முன்னோர் அப்படிக் கருதினார்களா? குறுந்தொகையைத் திறந்து 61ஆம் பாடலைப் பாருங்கள். தச்சன் செய்து கொடுத்த சிறிய குதிரை வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும், அதைக் கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே இன்பம் கொள்ளும் சிறுவர்களை அங்கே புலவர் காட்டுகிறார். காதலைப் பற்றிய பாட்டு அது. மனித மனத்தின் மிக நுட்பமான ஓர் உணர்ச்சிக்கு உவமை தேடிப் புறப்பட்ட புலவர், மலையிடமும் போகவில்லை, கடலிடமும் போகவில்லை; தெருவில் குழந்தை இழுத்துச் சென்ற மரவண்டியிடம் போய் நின்றார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் சிறுவர்கள், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயர். இதே ஆற்றின் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் முத்துக்குமார சுவாமியின் மீது பிள்ளைத்தமிழ் பாடியபோது, தேவர் சேனைக்குத் தலைவனான அந்தக் கடவுளையே சிறுதேர் உருட்டும் குழந்தையாக்கிப் பார்த்தார். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் பெருந்தேர் ஆயிரம் பேர் வடம் பிடிக்க ரத வீதியில் அசைந்து வருவதைக் கண்ட குழந்தை, மறுநாள் காலையில் அட்டைப் பெட்டியிலும் ஓலையிலும் ஒரு தேர் கட்டி, கயிறு கோத்துத் தெருவில் இழுக்கிறது. அந்தக் குழந்தை செய்வது என்ன? கண்ணால் கண்டு பிரமித்த ஒரு மகத்தான பொருளைத் தன் கைக்கு அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்து, தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறது. இன்று நான் பேசப்போகும் கலையும் அதே கலைதான். தேருக்குப் பதில் கார். ஓலைக்குப் பதில் பிளாஸ்டிக்.

இந்தக் கலைக்கு நம் ஊரில் ஒரு மூத்த உறவும் உண்டு. இங்கிருந்து மேற்கே ஆற்றை எதிர்த்துப் போனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அப்புறம் அம்பாசமுத்திரம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானை அறியாத திருநெல்வேலிக் குடும்பம் உண்டா? அம்மியும் ஆட்டுக்கல்லும், அடுப்பும் குடமும், உரலும் உலக்கையும், குழந்தையின் உள்ளங்கையில் நிற்கும் அளவுக்குச் சுருங்கி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருக்கும் அந்தக் காட்சியை இங்கே இருக்கிற தாய்மார்கள் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மஞ்சள் கடம்பு போன்ற மரங்களைக் கடைசலில் பூட்டிச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுத்தபின், சுழன்றுகொண்டிருக்கும் அந்த மரத்தின் மீதே வர்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு எழுகிறது. தூரிகையும் இல்லை, காயவைக்கும் வேலையும் இல்லை. வர்ணம் மரத்தின் மேல் உட்காரவில்லை. மரத்தோடு உருகிச் சேர்ந்துவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

இனி காருக்கு வருவோம். எந்தக் கார்? அயல்நாட்டுப் பந்தயக் காரும் வேண்டாம், அரண்மனைக் காரும் வேண்டாம் என்று நான் தீர்மானித்துவிட்டேன். நான் செய்தது நம் தமிழ்நாட்டு மண்ணில் உருவான ஒரு கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சபையில் நரைத்த தலைகள் சில அசைவதைப் பார்க்கிறேன். உங்களுக்கு அதன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

என் பெரிய மாமா இந்தப் பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்தவர். அவரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. நான்கு கதவுள்ள ஹெரால்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஏற்றிக்கொண்டு, சுலோசன முதலியார் 1843இல் தம் சொந்தப் பொருளால் கட்டிக்கொடுத்த பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போவார். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் காரின் முன்பகுதி முழுவதும், இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முதலை வாய் திறப்பதைப் போல. மற்றக் கார்களில் எட்டிப் பார்க்க வேண்டியதை, இதில் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். சிறுவனாகிய நான் அப்படி உட்கார்ந்துதான் எஞ்சின் என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காரின் சரித்திரம் விசித்திரமானது. இத்தாலியில் டூரின் நகரத்துச் சித்திரக்காரரான ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வரைய, இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1959இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அதை வெளியிட்டது. அக்காலத்துக் கார்கள் பலவும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான ஒரே கூடாக வரத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டுக்கோ அத்தகைய கூட்டை அச்சிட்டுக் கொடுத்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய்விட்டது. அதனால் என்ன செய்தார்கள்? பழைய முறைப்படி தனியே ஓர் அடிச்சட்டம் செய்து, உடலை முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று துண்டு துண்டாகச் செய்து, போல்ட்டு போட்டு முறுக்கி இணைத்தார்கள். இடையூறாக வந்த அந்த விஷயம் ஒரு நன்மையையும் கொண்டுவந்தது. துண்டுகளாகச் செய்த காரைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஏற்றி, தூரதேசத்தில் இறக்கி இணைப்பது சுலபம். சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டியிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961 முதல் அவ்வாறே அதை இணைத்து, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் விற்றது.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் வந்த துண்டுகளைக் குறிப்பைப் பார்த்து இணைத்தவர்கள் நம் தொழிலாளிகள். இணைத்து இணைத்து ஒவ்வொரு துண்டும் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிந்தார்கள். அறிந்தபின், வெளியிலிருந்து வந்த துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1968இல் என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு கதவுள்ள ஹெரால்டைச் செய்தார்கள். பிறந்த நாட்டில் ஹெரால்டு என்ற பெயரில் வந்த அந்தக் குடும்பக் காருக்குக் கடைசிவரை இரண்டு கதவுகள்தாம். பாட்டியும் அத்தையும் குழந்தைகளும் பின் இருக்கையில் ஏறி இறங்கும் நம் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று கண்டவர்கள் நம்மவர்கள். இணைப்பவராகத் தொடங்கி, செய்பவராக வளர்ந்து, மூலத்தில் இல்லாததைப் படைப்பவராக நின்றார்கள். ஏழே ஆண்டுகளில்!

நான் ஒட்டிய பெட்டியைச் செய்த கம்பெனியின் ஒட்டுப் பொம்மைகளும் இதே காவன்ட்ரி கம்பெனியின் நிழலில்தான் தொடங்கின என்றால் நம்புவீர்களா? ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939இல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். காற்றடைத்த ரப்பர் பொம்மையும், பிறகு பிளாஸ்டிக் சீப்பும் செய்துவந்த அந்தக் கம்பெனியிடம், பெர்குசன் டிராக்டர் கம்பெனியார் தங்கள் விற்பனையாளர்கள் கையில் கொண்டு போய்க் காட்டுவதற்காக டிராக்டரின் சிறு பிரதி ஒன்று கேட்டார்கள். 1949இல் அது செய்யப்பட்டது. பின்னால் அதையே ஒட்டாத துண்டுகளாகப் பெட்டியிலிட்டு விற்றார்கள். அதுவே அவர்களுடைய முதல் ஒட்டுப் பொம்மை. அந்த டிராக்டரைத் தயாரித்த தொழிற்சாலை எது? காவன்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை! அதே ஏர்ஃபிக்ஸ் டிரயம்ப் ஹெரால்டையும் 32இல் ஒரு பங்கு அளவில் ஒட்டுப் பொம்மையாக வெளியிட்டது. லண்டனில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது, வர்ணப் புட்டிகளும் பசையும் தூரிகையும் உள்ளடங்கிய அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தான். மாமாவின் கார் ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கப்பல் பெட்டியில் துண்டு துண்டாக வந்து சேர்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

32இல் ஒரு பங்கு என்றால் என்ன? அடிக்கு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. அசல் ஹெரால்டின் நீளம் 153 அங்குலம், அதாவது 3,886 மில்லிமீட்டர். நம் கார் 121 மில்லிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. அகலம் 48 மில்லிமீட்டர், உயரம் 41. நீளமும் அகலமும் உயரமும் மூன்றும் 32 மடங்கு குறைவதால் கன அளவு 32,768 மடங்கு குறைகிறது. சிலை வடிக்கும் ஸ்தபதிகளுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 பங்காக்கி, முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று பகுப்பார்கள். சிலை ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரமானாலும் பிரமாணம் மாறுவதில்லை. ஆயினும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. காரைச் சுருக்கலாம், தூசியைச் சுருக்க முடியுமா? தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அது ஈர வர்ணத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டால், அசல் காரின் கூரைமீது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த ஒரு கம்பி புதைந்து கிடப்பதற்குச் சமானம். வர்ணமும் அப்படித்தான். அசல் காரின் மேலுள்ள பூச்சு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நாம் தூரிகையால் தாராளமாக ஒரு தடவை பூசும் வர்ணம் 0.03 மில்லிமீட்டர் தடித்தால் போதும், அது பெரிய காரில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதாகிவிடும். கதவின் கோடுகள் மூடிப்போகும், விளிம்புகள் மழுங்கும், கார் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த பண்டம்போல் ஆகிவிடும்.

பெட்டியைத் திறந்தால் துண்டுகள் உதிரியாக இருப்பதில்லை. ஜன்னல் சட்டம்போன்ற பிளாஸ்டிக் சட்டங்களில், மாவிலைக் கொத்தில் இலைகள் தொங்குவதைப் போலச் சிறு காம்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கும். உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தும்போது அது பாய்ந்து சென்ற வாய்க்கால்கள்தாம் அந்தச் சட்டங்கள். கன்னடியன் கால்வாயிலிருந்து வயலுக்கு மடை பிரிவதைப் போல, வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மடை. அந்த மடைவாயைத்தான் நாம் வெட்ட வேண்டும். அவசரக்காரர்கள் கையால் முறித்து எடுப்பார்கள். துண்டின் ஓரமும் கூடவே பிய்ந்து வரும். துண்டிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சு இரண்டு பாதியாகச் சேரும் இடத்தில் மெல்லிய ஒரு வரை ஓடும். அதையும் தேய்த்துப் போக்க வேண்டும். பிறகு எல்லாத் துண்டுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் வர்ணம் பிடிக்காது. சடங்குபோல் தோன்றும் இந்த வேலைக்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

ஒட்டும் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் காகிதம் ஒட்டும் கோந்து இரண்டு பொருள்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பசையின் குணம் வேறு. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திராவகம். இரண்டு விளிம்புகளையும் கரைத்து, கரைந்த பாகங்கள் ஒன்றோடொன்று கலந்தபின், தான் ஆவியாகிப் போய்விடுகிறது. இரண்டாக இருந்தவை ஒரே துண்டாகிவிடுகின்றன. அம்பாசமுத்திரத்து அரக்கு மரத்தோடு உருகிச் சேர்வதை நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த நியாயம்தான் இது. அதனால்தான் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. கூடினால் சேர வேண்டிய இடத்தைத் தாண்டி மேற்பரப்பையும் கரைத்துவிடும். கண்ணாடிப் பகுதிகளுக்கு இந்தப் பசையைக் காட்டவே கூடாது, அதன் ஆவி பட்டாலே தெளிந்த பிளாஸ்டிக் மங்கிப்போகும். அவற்றுக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பெவிகாலே உத்தமம். உலர்ந்தபின் நிறமற்றுத் தெளிந்துவிடும்.

நான்கு கதவுக்கு வருகிறேன். பெட்டியில் வந்தது இரண்டு கதவுக் கார். அப்படியே ஒட்டி முடித்தால் அது இங்கிலாந்தின் கார். மாமாவின் கார் ஆகாது. என்ன செய்வது? மாமா காரோடு நின்று எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீண்ட கதவின் பின்கோட்டைப் பட்டி வைத்து நிரப்பினேன். காருக்கு வர்ணம் அடிக்கும் பட்டறைகளில் பட்டி பார்ப்பது என்பார்களே, அதே வேலைதான்; அளவுதான் ஊசிமுனை அளவு. உலர்ந்தபின் வாட்டர் பேப்பரால், 800, 1000, 1500 என்று படிப்படியாக நைசான தாளை எடுத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். பிறகு இரும்பு அடிக்கோலை அண்டக்கொடுத்து, தையல் ஊசியின் முனையால் புதிய கதவுகளின் கோடுகளைக் கீறினேன். அழுத்திக் கீறக் கூடாது. முதலில் ஊசியின் எடையே போதும். இருபது தடவை அதே கோட்டில் போனால் கோடு தானே ஆழமாகும். ஜன்னல்களுக்கு நடுவில் நிற்க வேண்டிய தூணை, தூக்கி எறிய வைத்திருந்த சட்டத்திலிருந்தே சீவி எடுத்தேன். ஒரு பக்கத்துக் கதவுக் கோடு வளைந்துவிட்டது. அதை நிரப்பி மறுபடியும் கீறினேன். அந்த இரண்டு கதவுகளைக் கீறிய பதினோரு மாலைகளில், வண்டலூரில் 1968இல் பெயர் தெரியாத ஒரு தொழிலாளி வரைபலகையின் முன் நின்று என்ன யோசித்திருப்பார் என்பதை நான் அறிந்துகொண்டேன். பின்சக்கரத்தின் வளைவு கதவின் கீழ்மூலையைக் கடிக்கிறது, அதை எங்கே நிறுத்துவது? முன்னால் இருப்பவரின் தோளுக்கு இடம் விட்டு நடுத்தூணை எவ்வளவு முன்னே தள்ளலாம்? காரில் ஏறிச் சென்ற நாள்களில் இந்தக் கேள்விகள் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. ஏறிச் சென்றவனுக்குத் தெரியாதது, கையால் செய்தவனுக்குத் தெரிந்தது.

வர்ணத்தில் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். அதை மறைக்காமல் சொல்வது இளைஞர்களுக்குப் பயன்படும். பெட்டியில் வந்த தண்ணீர் வர்ணம் எனக்கு வேண்டிய நிறமாக இல்லை என்று, காருக்கு அடிக்கும் லாக்கர் வர்ணம் கொஞ்சம் வாங்கி, அதற்குரிய தின்னரையே கலந்து கூரையில் தூரிகையால் பூசினேன். அதுவும் எப்போது? ஐப்பசி அடைமழையில். கால் மணி நேரத்துக்குள் இரண்டு கேடுகள் வந்தன. அந்தத் தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்னும் ஜாதி. கூரை முழுவதும் வறண்ட குளத்துத் தரைபோல் நுண்ணிய வெடிப்புகள். அதன்மேல், மழைக்காற்றின் ஈரம் உலரும் வர்ணத்தில் படிந்து, சாம்பல் பூத்ததுபோல் வெண்மை படர்ந்துவிட்டது. கூரையைத் தேய்த்துச் சமன் செய்து முடிக்கக் கார்த்திகை வந்துவிட்டது. நம் பள்ளத்தாக்கில் வர்ணம் தீட்ட மூன்று பகைகள் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழையின் ஈரம்; ஆனி ஆடியில் மேற்குக் கணவாய்களின் வழியே அடிக்கும் காற்றும் அது வாரிக்கொண்டு வரும் செம்மண் தூசியும்; சித்திரை வைகாசியில் தூரிகை நுனியிலேயே வர்ணத்தை உலர்த்தும் வெயில். பொங்கல் கழிந்து மாசி முடிய உள்ள காலமே சிறந்தது. காலை எட்டு மணிக்குமேல், பனி விலகியபின், கூட்டிப் பெருக்காத அறையில் உட்கார வேண்டும். கூட்டிய உடனே தூசி எழும்பி நிற்கும் என்பதால் சொல்கிறேன்.

நிறத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். மாமாவின் கார் வெளிர்நீலம் என்பது எனக்கு நினைவு. ஆனால் எந்த நீலம்? புகைப்படங்களோ கறுப்பு வெள்ளை. என் அத்தைக்கு இப்போது 86 வயது. கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர்கள், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்து வந்தார்கள். “மாமா கார் வாங்கின வருசம், அந்தக் கலருக்குத் தோதா எனக்கு எடுத்துத் தந்த சேலைல்லா இது” என்றார்கள். மடிப்பின் வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. உள்மடிப்பை விரித்தார்கள், வெயில் காணாத நீலம் அங்கே அப்படியே இருந்தது. அந்த மடிப்பின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, வெள்ளையில் நீலத்தைத் துளித் துளியாகக் கலந்து, ஒவ்வொரு கலவையையும் பிளாஸ்டிக் துண்டில் தீட்டி உலரவைத்துப் பார்த்தேன். ஈரத்தில் பார்ப்பது வேறு, உலர்ந்தபின் பார்ப்பது வேறு. தண்ணீர் வர்ணம் உலரும்போது கறுக்கும். ஏழாவது துண்டை அத்தை கையில் வாங்கி, சேலைமேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

முதல் பூச்சு எப்படி இருக்க வேண்டும்? பார்ப்பதற்கு அவலட்சணமாக இருக்க வேண்டும். அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரிய வேண்டும், தூரிகையின் கோடுகள் தெரிய வேண்டும். முதல் பூச்சே அழகாகத் தெரிந்தால் அது தடித்த பூச்சு என்று அர்த்தம். தண்ணீர் கலந்து பால்போல் இளக்கி, ஒரே திசையில் இழுத்து, ஒருமுறை இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாமல் விட்டுவிட வேண்டும். திரும்பிப் போகத்தான் கை துடிக்கும். போனால் பாதி உலர்ந்த வர்ணம் சுருண்டு வரும். பிறகு எவர்சில்வர் சம்படம் ஒன்றைக் கவிழ்த்து மூடி, ஒரு நாள் முழுதும் தொடாமல் இருக்க வேண்டும். மறுநாள் 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் மெல்லத் தடவி, அடுத்த பூச்சு. இவ்விதம் ஆறு பூச்சு. நான்காம் பூச்சில்தான் கார் என் மாமாவின் காராகத் தோன்றத் தொடங்கியது. பம்பருக்கு வெள்ளி மை, டயருக்குக் கறுப்பைவிடச் சற்று வெளுத்த சாம்பல்நிறம். புத்தம்புதுக் கறுப்பு டயர் நம் ஊர்ச் சாலையில் ஓடும் எந்தக் காருக்கும் இருந்ததில்லை. எண்பலகைக்கு அக்கால வழக்கப்படி கறுப்பில் வெள்ளை எழுத்து. இங்கிலாந்தின் காரும் நம் காரும் ஒரே பக்கத்தில் ஸ்டீரிங் உள்ளவை ஆதலால் அந்தத் தொல்லை எனக்கு இல்லை.

இளைஞர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. கடையில் முழுதாகச் செய்து வர்ணம் தீட்டிய கார்கள் அழகாகத்தான் கிடைக்கின்றன. வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றையேனும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியபின் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டியில் உள்ள குறிப்பு சொன்னபடி செய்து முடிப்பது பாதி வேலை. குறிப்பில் இல்லாத ஒரு கோட்டை உங்கள் ஊசியால் கீற வேண்டும். அதுதான் மிச்சப் பாதி. நம் ஊர் மினி பஸ்ஸைச் செய்யுங்கள். பின்னால் வாழைத்தார் ஏற்றிய சிறு லாரியைச் செய்யுங்கள். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரரிடம் போய் நான்கு சக்கரம் கடைந்து தரச் சொல்லுங்கள். அரக்கின் பளபளப்பு எந்த வர்ணப் புட்டியிலும் கிடைக்காது. பெரியோர்களே, நீங்கள் ஓட்டிய காரின் பழைய புகைப்படம் பெட்டியடியில் கிடந்தால் எடுத்துப் பேரப்பிள்ளையின் கையில் கொடுங்கள். நிறம் கேட்டால் நினைவிலிருந்து சொல்லாதீர்கள். சேலை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கார் வாசல் பக்கத்து மேசைமேல் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி போடவில்லை. வர்ணம் இறுகி இரண்டு மாதம் ஆகிறது, கைபட்டால் ஒன்றும் ஆகாது. குழந்தைகள் எடுத்து உருட்டிப் பார்க்கலாம். வலப்பக்கப் பின்கதவின் கோடு சற்றுக் கோணியிருக்கும். அதை யார் முதலில் கண்டுபிடிக்கிறீர்களோ, அவருக்குக் கொடுக்க என் பையில் இன்னொரு பெட்டி, பிரிக்காமல் இருக்கிறது.